நீ எழுதாமல் விட்ட பதிவு

தம்பி,

இதை நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. ஒரு வரியை முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகிறது. ஆனாலும் முடிந்த வரியைத் திரும்பப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பார், அதை நான் மறைக்க மாட்டேன். இந்த வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவனுக்குத்தான் அது தெரியும். எழுதும்போது எனக்கு நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று உன் அம்மா வழக்கமாகச் சிரிப்பாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. நானும் சந்தோஷத்துக்காக எழுத உட்காரவில்லை. மாசியில் கொச்சியிலிருந்து படகை எடுக்கப் போகிறேன், முதலில் மாலத்தீவு, அங்கிருந்து ஆப்பிரிக்கா என்று நீ வலைப்பதிவில் எழுதியிருக்கிறாய். மருமகள் ரெஜினாவும் கூட வருகிறாள், பேத்தி கயலும் வருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கயலுக்கு இன்னும் பல் முழுதாக முளைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. அந்தப் பயத்தைத்தான் எழுதப் போகிறேன். எழுதி முடித்ததும் பிரௌசிங் சென்டர் மலர்க்கொடி இதை டைப் செய்து உனக்கு அனுப்புவாள். நீ இதை உன் வலைப்பதிவில் ஒரு எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். மணிமுத்தாற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் நான் இறங்கியதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில் போனது. பீங்கான் கம்பெனியில் சூளை எரிக்கிறவனுக்குத் தண்ணீர் என்றால் குடிக்கவும் முகம் கழுவவும்தான். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், கம்பெனி லாரியில் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு நாங்கள் கடலூர்ப் பக்கம் போனோம். அங்கே ஒரு வீட்டின் மாடியில் படகு ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரோ தூக்கி வைத்தது மாதிரி நேராக, அழகாக உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு ஆட்கள் எங்கே என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. நீ அப்போது சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலையில் எங்கோ தூரத்தில் இருந்தாய். கப்பல் பெரிது, அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி உன் அம்மாவைத் தூங்க வைத்தேன். அதற்குப் பிறகு நீ அந்த வேலையை விட்டுவிட்டு, மலேசியாவில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, அதற்குக் 'கொக்கு' என்று பேர் வைத்து, கட்டிய மனைவியோடு அதிலேயே குடியிருக்கப் போகிறேன் என்றபோது, எனக்கு அந்த மாடிப் படகுதான் கண்ணில் நின்றது. உன் கொக்கு அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று படத்தில் பார்த்தபோது தெரிந்தது.

நான் படிக்கக் கற்றுக்கொண்டதே உன்னால்தான். நீ தமிழில் எழுதுகிறாய், ஊரில் யார் யாரோ படிக்கிறார்கள், என்னால் முடியவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த மாலை வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். பஸ்ஸின் பேரையும் கடைப் பலகையையும் படிக்கத் தெரிந்த உடனே ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் மலர்க்கொடியின் பிரௌசிங் சென்டருக்குப் போய், "எம் புள்ள எழுதுறதக் காட்டும்மா" என்றேன். அவள் காட்டினாள். நான் மேலே இருந்து கீழே படிக்க ஆரம்பித்தேன். வேறு எப்படிப் படிப்பார்கள்? போய்ப் போய் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். முதலில் நீ சாம்பார் வைத்தாய். பிறகு படகுக்குப் பெயிண்ட் அடித்தாய். பிறகு கடலுக்குப் போனாய். மழை பிடித்தது, இஞ்சின் நின்றுபோனது, பாய் கிழிந்தது. கடைசியில், என்ன ஆகும் என்று தெரியவில்லை, முடிந்தால் நாளை எழுதுகிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன், கீழே அதே வெள்ளை. அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கு மேல் தாங்காமல், "கீழ ஒண்ணும் எழுதலியேம்மா, எம் புள்ளைக்கு என்ன ஆச்சி?" என்று கேட்டேன். என் குரலைக் கேட்டு மலர்க்கொடி எழுந்தே வந்துவிட்டாள். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பெரியப்பா, இதுல புதுசு மேல இருக்கும், பழசு கீழ போயிடும். புயல்லாம் முடிஞ்சி உங்க புள்ள மேல உக்காந்து சாம்பார் வெச்சிக்கிட்டிருக்காரு பாருங்க." பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. பிழைத்து வந்த பிள்ளைக்காக நான் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பயம் பொய் என்று தெரிந்த பிறகும் அது போக நாளானது.

அதன் பிறகு படிப்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. உன் பக்கத்தின் ஓரத்தில், 'நான் விரும்பிப் படிக்கும் படகு வீடுகள்' என்று போட்டு வேறு சிலருடைய வலைப்பதிவுகளைக் கொடுத்திருக்கிறாயே, அவற்றையும் விடவில்லை. எல்லாம் இங்கிலீஷ். மலர்க்கொடிதான் படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவாள். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனோம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படகிலேயே அவர்களுக்குப் பாடம் நடத்துகிற குடும்பம் ஒன்று. ஒரு பூனையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றுகிற ஒரு அம்மாள். அந்த அம்மாள் காற்றைப் பற்றியும் தன் முழங்கால் வலியைப் பற்றியும் தவிர வேறு எதுவும் எழுத மாட்டாள். மலர்க்கொடிக்கு அவளைத்தான் பிடிக்கும். பூனைக்கு உடம்பு சரியில்லை என்று வந்த அன்று, பிரிண்ட் எடுக்க வந்த ஒருவரை நிற்க வைத்துவிட்டுப் படித்தாள். எனக்குப் பிடித்தது நியூசிலாந்துக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் எழுதுகிற பக்கம். அவர்கள் ஒவ்வொரு தடவையும் முதலில், இன்றைக்கு என்னென்ன உடைந்தது என்றுதான் எழுதுவார்கள். பம்ப் உடைந்தது, கயிறு அறுந்தது, ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்தோம், தவறான பக்கம் போய்த் திரும்பினோம். அதன் பிறகுதான் சூரியன் அழகாக மறைந்தது, மீன் கிடைத்தது என்பதெல்லாம் வரும்.

நம் ஊர்ப் பீங்கான் கம்பெனிகளின் பின்பக்கம் நீ போயிருக்கிறாய். உடைந்த பொம்மையும் விரிசல் விட்ட பீங்கான் ஃபியூஸ் கேரியரும் குவியல் குவியலாகக் கிடக்கும். ஆபீஸ் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற சாமானைப் பார்த்து யாரும் ஒரு சூளையை எடை போட முடியாது. நாங்கள் பின்பக்கம் போய்த்தான் பார்ப்போம். நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் வலைப்பதிவின் பின்பக்கத்தை முன்னால் வைத்திருந்தார்கள். அதனால் அவர்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நான் நம்பினேன். அவர்கள் கடலில் இருக்கும்போதுகூட எனக்கு அவ்வளவாகப் பயம் வரவில்லை.

தை மாதம் நீங்கள் மூன்று பேரும் வந்தீர்கள். மலேசியாவிலிருந்து இலங்கை வந்து, அங்கிருந்து கன்னியாகுமரியைச் சுற்றிக் கொச்சிக்கு வந்துவிட்டோம், படகைக் கட்டிப் போட்டுவிட்டு ரயில் ஏறினோம் என்றீர்கள். கயலுக்கு மொட்டை போட்டோம். உன் அம்மா அவளை மடியை விட்டு இறக்கவில்லை. நீ முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். பிள்ளையை வலது கையாலேயே தூக்கினாய். இடது கைக்கு என்னடா என்று கேட்டதற்குக் கயிறு இழுத்து இழுத்து மூட்டு வலி என்றாய். ரெஜினா அப்போது எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. நீங்கள் கிளம்பின பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. நான் மலர்க்கொடியிடம் போய், நியூசிலாந்துக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்றேன்.

மேலே இருந்தது கொச்சியில் பாய் தைத்த கதை. அவர்களும் கொச்சிக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம். அதற்குக் கீழே, பக்கத்துப் படகு இந்தியப் பையனுக்கு முழங்கை தேவலை, குழந்தையைத் தன் அப்பா அம்மாவிடம் காட்ட ஊருக்குப் போயிருக்கிறான் என்று இருந்தது. "பெரியப்பா, இது நம்ம அண்ணன்தான்" என்று மலர்க்கொடி கையைத் தட்டினாள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன். முழங்கைக்கு என்ன என்று மட்டும் கேட்டேன். அவள் பக்கத்தைக் கீழே தள்ளினாள். படித்தாள். வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா?"

"அண்ணன் நல்லாருக்காரு பெரியப்பா. அத மொதல்ல மனசுல வெச்சிக்கிட்டுக் கேளுங்க."

கன்னியாகுமரிக்குக் கிழக்கே காற்று முறுக்கி அடிக்கும் இடத்தில், இரண்டு படகுகளும் ஒன்றை ஒன்று பார்த்தபடி வந்திருக்கின்றன. நீ பாயைச் சுருக்குவதற்கு முன்பக்கம் போயிருக்கிறாய். உடம்பில் மாட்டிப் படகோடு இணைக்கிற கயிற்றை நீ மாட்டவில்லை. படகு சரிந்தது. முழங்கை இரும்பில் அடித்து நீ தண்ணீரில் விழுந்தாய். கயல் உள்ளே, உன் அம்மா கொடுத்தனுப்பிய புடவையில் கட்டிய தூளியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். ரெஜினா தனியாள். அந்த நியூசிலாந்து அம்மாள் எழுதியிருக்கிறாள், அந்தப் பெண் படகைத் திருப்பினாள், மிதவையை வீசினாள், முதல் தடவை அது உனக்கு எட்டவில்லை, மறுபடியும் சுற்றி வந்து வீசினாள் என்று. அவர்கள் தங்கள் படகைத் திருப்பி வந்து சேருவதற்குள் ரேடியோவில் ரெஜினாவின் குரல் வந்ததாம். அவர் படகில் இருக்கிறார், நான் பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாளாம்.

வலைப்பதிவை மேலிருந்து கீழே படித்தால் ஒருவன் முதலில் குணமாகிறான், பிறகு கரை சேருகிறான், கடைசியில்தான் தண்ணீரில் விழுகிறான். நீ பிழைத்ததைத் தெரிந்துகொண்டுதான் நான் நீ விழுந்ததைக் கேட்டேன். மலர்க்கொடி தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். உன் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அதே நாளைக்கு நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. சூரை மீன் குழம்பு. புளி கரைத்ததை எழுதியிருந்தாய். கொடம்புளி போட்டால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். காற்று நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அப்பா படிக்கிறார் என்பதால் எழுதினாய். நான் படிக்கத் தெரியாதவனாகவே இருந்திருந்தால், நீ விழுந்ததை விழுந்தேன் என்று எழுதியிருப்பாய். இதை நினைத்தபோது எனக்கு வந்த பயம் கடலைப் பற்றியது இல்லை. இனிமேல் நீ ஆப்பிரிக்கா பக்கத்தில் எங்கோ இருந்துகொண்டு சாம்பார் வைத்தேன் என்று எழுதுவாய். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு யார் விழுந்தது, யார் தூக்கினது, யார் தூக்கவில்லை என்று தேடுவேன். நீ எவ்வளவு நன்றாக எழுதுகிறாயோ அவ்வளவு எனக்குச் சந்தேகம் வரும். ஆசையோடு கற்றுக்கொண்ட எழுத்தைப் பார்த்தே பயப்படும்படி என்னை ஆக்கிவிடாதே. அதனால்தான் இந்தக் கடிதத்தை அந்த மீன் குழம்புக்கு மேலே போடு என்கிறேன். உன் வலைப்பதிவைப் படித்துவிட்டு எவனாவது ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு படகு வாங்கக் கிளம்பினால், அவனுக்கும் பின்பக்கம் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கல்யாணத்தன்று உன் அம்மா என் காதருகே, "பொண்ணு வெத்தலக் காம்பு மாதிரி இருக்குது, ஒரு கொடம் தண்ணி தூக்குமா?" என்றாள். நான் சிரித்தேன். அந்த வெற்றிலைக் காம்புதான் உன்னைக் கடலிலிருந்து தூக்கியது. நம் வீட்டில் அத்தனை நாள் இருந்தும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். செய்ததைச் சொல்லிக்கொள்ளக்கூட முடியாமல் அவள் சமையல்கட்டில் போய் நின்றாள். அவளை இனி அப்படி நிற்க வைக்காதே. அடுத்து நான் நினைப்பதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். விழுகிறவள் அவளாக இருந்தால்? நீ ஒரு கையை வைத்துக்கொண்டு படகைத் திருப்புவாயா, மிதவையை வீசுவாயா, தூளியைப் பார்ப்பாயா? படகில் இரண்டு பேர் இருந்து ஒருவர் விழுந்துவிட்டால், மீதி இருப்பது ஒரு ஆளும் ஒரு குழந்தையும்தான். நியூசிலாந்துக்காரர்கள் எப்போதும் பார்க்கும் தூரத்தில் வர மாட்டார்கள். உன் முழங்கை பிள்ளையைத் தூக்குகிற அளவுக்குத் தேறாமல் கிளம்பாதே. தேறிய பிறகும் கடல் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரை ஏற்றிக்கொள்ளாமல் கிளம்பாதே. அந்தக் கயிற்றை மாட்டாமல் படகின் உள்ளறை வாசலைத் தாண்டாதே. மாசி போனால் போகட்டும்.

உன் அம்மாவுக்கு நீ விழுந்தது தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவை மட்டும் சொன்னேன், அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் குளித்து, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் என் கையில் கொடுத்து, மணவாளநல்லூருக்குக் கிளம்புங்கள் என்றாள். கோயிலில் பிராது கொடுக்கப் போகிறாளாம். பங்காளி ஏமாற்றிவிட்டான், மாடு காணவில்லை என்று ஊர் சனம் முருகனிடம் எழுதிக் கொடுக்கிற அதே பிராது. அங்கேயே எழுதித் தர ஆள் இருப்பார்களே என்றேன். "எழுதத்தான் கத்துக்கிட்டீங்களே, எழுதுங்க" என்றாள்.

கோயில் மரத்தடியில் உட்கார்ந்தோம். பிராது கொடுப்பவர் பேர் எழுதினேன். ஊர் எழுதினேன். எதிரி யார் என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன் பேரை அங்கே எப்படி எழுதுவது? அவள் யோசிக்கவே இல்லை. "எம் புள்ள எப்பிடி எதிரியாவான்? கொக்குன்னு எழுதுங்க. அந்தப் படகுதான் எங்கூட வம்புக்கு நிக்குது." கொக்கு என்கிற படகு என்று எழுதினேன். அதன் குற்றம் என்ன என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என் மகனையும் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகிறது. இதுவரைக்கும் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கடைசியில், அது கொச்சியை விட்டு நகரக் கூடாது என்று எழுதச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வேறு எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன், அதுவும் முருகன் கோயிலில் உட்கார்ந்துகொண்டு.

ஏன் மாற்றினேன் என்று கேட்டால், அது நடக்காது என்று எனக்குத் தெரியும். நீ போவாய். பூனையோடு போகிற அம்மாளும், பாடம் நடத்துகிற குடும்பமும், எல்லாரும் யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொல்லித்தான் போயிருப்பார்கள். நடக்காததை எழுதிக் கொடுத்தால் அந்தப் பிராது சும்மா கிடக்கும். அதனால், போகட்டும், போகிற மூன்று பேரும் திரும்பி வந்து இந்த இடத்தில் நிற்கும்வரைக்கும் இந்த வழக்கை முடிக்க வேண்டாம் என்று எழுதினேன். சாமி காலடியில் வைத்து, திருநீறு போட்டு மடித்துக் கொடுத்தார்கள். உன் அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முனியப்பர் சன்னதி வேலில் தன் கையாலேயே கட்டினாள். பஸ்ஸில் வரும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பிராது தீர்ந்ததும், கொடுத்தவன் அதே கோயிலுக்குப் போய், என் வழக்கை முடித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். அதையும் நானே என் கையால் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு வயதாகிறது தம்பி. எழுதவும் நேரம் பிடிக்கிறது. அதற்குள் மூன்று பேரும் வந்து நில்லுங்கள்.

உன் அப்பா